டிராகன் ஓட்ட இரண்டு பேர்

அந்தப் பச்சைத் தடியன் மீன்கடை மேல் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். கடைக்காரி துடைப்பத்தால் அவன் மூக்கிலேயே ரெண்டு போடு போடுகிறாள். அவன் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறான். தலையில், கொம்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் இறகுத்தொப்பிக்காரன் உதைக்கிறான், கெஞ்சுகிறான், கடைசியில் அழுகிறான். டிராகன் அசையவில்லை.

ஜெபா படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அப்பா, செத்த நேரம் இங்க வாங்களேன். ஒரு சந்தேகம்" என்று கூப்பிட்டாள்.

ஜெபா என் மகள். ஜப்பானில் வரைகிற கார்ட்டூன் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது அவள் வேலை. கார்ட்டூன் என்று சொன்னால் கோபம் வரும், 'அனிமே' என்று சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு ஸ்டூடியோ படத்தையும் இங்கிலீஷ் வசனத்தையும் அனுப்பும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில், தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, எழுதியதைத் தானே பேசிப் பேசி வாயசைவுக்குப் பொருத்திப் பார்ப்பாள். அடுப்படியில் நிற்கிற என் மனைவி எஸ்தருக்கு, உள்ளே யாரோ நாலு பேர் சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

இந்தப் படத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆகையால் வாசகர்கள் என்னிடம் கேட்க வேண்டாம்.

"என்ன சந்தேகம்?"

"இந்த டிராகன் ஏன் எந்திரிக்க மாட்டேங்குது? ஸ்கிரிப்ட்ல ஒரு காரணமும் இல்ல. முன்னால இருக்கவன் அம்புட்டு உதைக்கான். ரெண்டு நாளா மண்டையப் போட்டு உடைக்கேன்."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். "பின்னால ஆள் இல்லையே தாயி."

"எங்க?"

"அன்னைக்கு நீ ஓட்டிப் பாக்கையில எட்டிப் பாத்தேனே, வாலுக்கிட்ட ஒரு பொம்பளை உக்காந்திருக்குமே, மாவுக் கையோட. அதக் காணோமே. கண்டக்டர் ஏறல. பொறவு வண்டி எப்படிக் கெளம்பும்?"

அவள் படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்மணி சந்தைக்குள், கீழே சிந்திய ரொட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெபா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியதற்கு எனக்கு அப்படி ஒரு மரியாதை வீட்டில் கிடைத்ததே இல்லை.

பைலட் யார்?

அன்றைக்கே, வந்திருந்த ஏழு எபிசோடையும் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஊரில் டிராகன் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிட்டது.

மலைக்கு மேல் பத்துக் கிராமம். ரோடு கிடையாது. பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு டிராகன்தான் ஓடுகிறது. கடிதம், கோழி, கல்யாணப் பெண், கோர்ட்டுக்குப் போகிற நீதிபதி எல்லாரும் அதில்தான் போக வேண்டும். ஆட்களை ஏற்ற, வயிற்றுக்கு இரண்டு பக்கமும் பெரிய கூடைகள் கட்டியிருக்கும்.

தலையில் உட்காருகிறவனுக்கு வேலை, திருப்புவது. இடது காதை இழுத்தால் இடது, வலது காதை இழுத்தால் வலது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் தடியனுக்குக் கோபம் வந்து நட்டுக்குத்தலாக மேலே போவான். கீழே இறக்க வேண்டுமென்றால் தாலாட்டுப் பாட வேண்டும். தொப்பிக்காரனுக்குக் குரல் சரியில்லை. அதனால் டிராகன் எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இறங்கும்.

வாலடியில் அந்த மாவுக்கை அம்மாள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். முன்பு ரொட்டிக்கடை வைத்திருந்தவள். கூடையில் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால், "நீதிபதி அய்யா, அந்தப் பக்கம் போங்க, கோழிக்கூட இந்தப் பக்கம் வரட்டும்" என்று சரிசெய்ய வேண்டும். ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், எல்லாரிடமும் திட்டு வாங்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் தொப்பிக்காரனைத்தான் பைலட் என்பார்கள். மாலை அவனுக்குத்தான். அந்த அம்மாளுக்கு ஒன்றும் கிடையாது. இதைப் பார்த்ததும், ஜப்பானிலும் நம்ம ரூட்டுதான் போல என்று நினைத்தேன்.

வலுசர்ப்பம்

எஸ்தருக்கு இந்த வேலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் டிராகன் என்றால் பைபிளில், வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற வலுசர்ப்பம். ஏழு தலையும் பத்துக் கொம்பும் உள்ள அந்தச் சாத்தானை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திட்டிவிட்டு வந்து, திங்கட்கிழமை வீட்டுக்குள் வசனம் பேசவைக்கிறாள் மகள் என்று அவளுக்கு ஒரே கிலேசம்.

"சபையில தெரிஞ்சா அவிய என்ன நெனைப்பாக?" என்பாள்.

ஒரு நாள் காப்பி கொடுக்க வந்தவள் கதவோரம் நின்றே ஒரு எபிசோட் முழுக்கப் பார்த்துவிட்டாள். டிராகன் குளிக்க மாட்டேன் என்று குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற கதை அது. முடிந்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு, "இது வலுசர்ப்பம் இல்லட்டி. நம்ம எருமை. தாராளமா எழுது" என்று ஜெபாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு சபை பேச்சு எழவில்லை.

ஒரு தட்டு, ரெண்டு தட்டு

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

தடியனின் கழுத்து நீளம். முதுகு அதைவிட நீளம். நடுவில் இறக்கை மறைக்கும். காற்றில் பேச்சும் கேட்காது. தலையில் இருப்பவன் வாலைப் பார்க்க முடியாது, வாலில் இருப்பவள் தலையைப் பார்க்க முடியாது. ஆகையால் அந்த அம்மாள் கையில் ஒரு மரச்சுத்தியல் இருக்கும். டிராகனின் செதிலில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நில். ரெண்டு தட்டு என்றால் கிளம்பு. மூன்று தட்டு என்றால் தடியன் தும்மப் போகிறான், எல்லாரும் குனிந்துகொள்ளுங்கள். தும்மினால் நெருப்பு வரும்.

ரெண்டு தட்டு விழாமல் டிராகன் எழுந்திருக்காது. தலையில் உட்கார்ந்தவன் ராஜாவாக இருந்தாலும் எழுந்திருக்காது. அதன் பிறவிக் குணம் அப்படி; படத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. படத்தில் வருகிற சிரிப்பெல்லாம் இதை வைத்துத்தான். ராஜாவே ஒரு நாள் தலையில் ஏறி உட்கார்ந்து ஆணையிடுகிறார், தடியன் படுத்துத் தூங்கிவிடுகிறான்.

நம் பஸ்ஸிலும் அதுதானே? ஒரு விசில் ஹோல்டான், ரெண்டு விசில் ரைட். டிரைவருக்குப் பின்படி தெரியாது. கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தால் கண்ணாடியிலும் தெரியாது. சேத்தூரிலிருந்து ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற தனியார் பஸ்தான் என்னுடையது. காலையில் மில்லுக்குப் போகிறவர்கள், ஆபீசுக்குப் போகிறவர்கள், காய்கறிக் கூடைகள் என்று மூச்சு விட இடமிருக்காது. தெலுங்கு பேசுகிற பெரியவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து "பத, பத" என்று அவசரப்படுத்துவார்கள். யார் எந்த பாஷையில் அவசரப்படுத்தினாலும் ரெண்டு விசில் வந்தால்தான் வண்டி எடுக்க வேண்டும்.

ஜெபா ரெண்டு தட்டுக்கு அந்த அம்மாளை 'போலாம் ரைட்' என்று கத்தவைத்தாள். சென்னைக்காரர்கள் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

அவள் கேட்ட கேள்வி

மறுநாள் ஜெபா நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, தட்டு விழாம டிராகன் எந்திரிக்காதுங்கிறது சிரிப்புக்கு வச்சது. நெசத்துல எப்படி? வருசக்கணக்கா ஒரே கண்டக்டரோட ஓட்டுனா, விசில் வாரதுக்கு முந்தியே எடுத்துருவீகளா?"

"சேச்சே" என்றேன். "விசில் இல்லாம வண்டி அசையாது."

"ஒருக்கா கூடவா?"

"ஒருக்கா கூட."

"சரி. அப்ப வேலுச்சாமி சித்தப்பாகிட்டயும் கேட்டுருவோம். வாலுக்கிட்ட இருக்கவுக மனசு கண்டக்டருக்குத்தானே தெரியும்? ஸ்ரீவில்லிபுத்தூர்ல டூவீலர் ஸ்டாண்டு வச்சிருக்காராம்லா. நாளைக்குப் போவோம். நீங்களும் வாங்க, எம்புட்டு நாளாச்சு பாத்து."

நாளைக்கு முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வேலுச்சாமியைப் பார்த்துப் பதினோரு வருஷம். பயத்தில் பார்க்காமல் இருந்தேன். அந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. சில வாரங்களுக்கு முன், இந்தப் பத்திரிகையில் வாரா வாரம் எழுதிவரும் இதே தொடரில், நான் பஸ் ஓட்டிய காலத்தில் நடந்த விபத்துகளைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு வரி: 'கண்டக்டர் வேலுச்சாமி அவசரப்பட்டு விசில் கொடுத்துவிட்டதால் ஒரு அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.'

அந்த வரி பொய். எழுதும்போதே பொய் என்று தெரியும். பதினோரு வருஷமாகச் சொல்லிவந்ததைப் பேனா தானாகவே எழுதிவிட்டது. இல்லை, தானாக எங்கே எழுதும்? நான்தான் எழுதினேன்.

அய்யனார் கோவில் ரோட்டில்

வேலுச்சாமி யார் என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

என்னைவிட மூன்று வயது இளையவன். 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவான். பத்தொன்பது வருஷம் ஒரே வண்டி. விசில் எந்நேரமும் உதட்டில் இருக்கும். டீ குடிக்கும்போதும் அதைக் கடைவாய்க்குத் தள்ளிவிட்டுக் குடிப்பான். மூச்சு விட்டாலே லேசாகச் சத்தம் வரும். 'ஏலே வேலு, நீ தூங்கும்போது உன் வீட்டுல எல்லாரும் எந்திரிச்சு நடப்பாகளா?' என்று கேலி செய்வேன்.

ஒரு தடவை அய்யனார் கோவிலுக்கு ஒரு குடும்பத்தை ஸ்பெஷலாக ஏற்றிக்கொண்டு போனோம். அருவியில் தண்ணீர் நிறைய வந்த சமயம். எதிரே ஒரு வேன், ரோடோ ஒற்றை ரோடு. நான் பின்னால் எடுத்தாக வேண்டும். பின்னால் ஓடை. மழை பெய்து கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

வேலு இறங்கிப் பின்னால் நின்று சின்னச் சின்னதாக விசில் ஊதிக்கொண்டே இருந்தான். ஊதுகிற வரை வரலாம். நீட்டி ஒன்று ஊதினால் நிறுத்த வேண்டும். நான் தலையைக்கூடத் திருப்பவில்லை, அவன் ஊதினான், நான் எடுத்தேன். நீட்டி ஊதியதும் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"பயமா இல்லையா அண்ணாச்சி?" என்றான்.

"நீதானே ஊதுத" என்றேன்.

அப்படி இருந்தோம்.

அந்தச் சாயங்காலம்

இத்தனை வருஷம் சேர்ந்து ஓட்டியதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. விசிலுக்காக நான் காத்திருப்பதில்லை. கடைசி ஆள் இறங்கினால் படி லேசாக எழும்பும். வேலு உள்ளே கால் வைக்கும் சத்தம் வரும். அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். என் கால் கிளட்சை விடுவதும் அவன் விசிலும் ஒரே நேரத்தில் விழும். எது முந்தி என்று அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். நான்தான் முந்தி.

அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விசில் தேவையில்லை, நான் அப்படிப்பட்ட டிரைவர் என்று.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப். சாயங்காலம். எங்களுக்குப் பின்னால் வருகிற வண்டிக்காரன் டைமுக்கு முன்னாலேயே வந்து என் வாலில் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கிறான். மகாராஜபுரத்துக்கு வண்டி மாறுகிற ஒரு அம்மாள் கூடையோடு பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். படி எழும்பியது. இறங்கியாயிற்று என்று நினைத்தேன். கூடைதான் இறங்கியிருந்தது. வேலு அதை வாங்கித் தரையில் வைத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாளின் ஒரு கால் இன்னும் படியில் இருந்தது.

நான் எடுத்துவிட்டேன்.

அலறல் கேட்டுத்தான் நிறுத்தினேன். வேலு ரோட்டில் மண்டிபோட்டு அந்த அம்மாளின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

முதலாளி எங்கள் இருவரையும் நிறுத்திவைத்து விசாரித்தார். "விசில் கொடுத்தியா?" என்று வேலுவைக் கேட்டார்.

"நான் கொடுக்கல முதலாளி" என்றான்.

என் பக்கம் திரும்பினார். லைசென்ஸ் போய்விடும் என்று பயம். போலீஸ் பயம். ஜெபாவுக்கு அப்போது காலேஜ். "ரெண்டு விசில் கேட்டுச்சு முதலாளி" என்றேன்.

வேலு என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அத்தோடு அவனுக்கு வேலை போயிற்று. வேறு எந்த வண்டியிலும் அவனைச் சேர்க்கவில்லை. எனக்கு மறுநாளே வேறு கண்டக்டர் வந்துவிட்டார்.

அவன் எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். உண்மை தெரிந்தும் என்னைக் காப்பாற்றியிருக்கிறான், அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒளிந்துகொண்டேன். அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை.

டூவீலர் ஸ்டாண்டு

மறுநாள் ஜெபா என்னை விடவில்லை. "என்னப்பா, பொண்ணு பாக்கப் போற மாதிரி தயங்குதீக" என்று கேலி செய்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அரைமணி நேரப் பயணம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

தகரக் கூரை போட்ட ஸ்டாண்டு. வரிசை வரிசையாகப் பைக்குகள். வாசலில் மேஜை போட்டு வேலு டோக்கன் எழுதிக்கொண்டிருந்தான். நரைத்துவிட்டான். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டான்.

"அண்ணாச்சி! வாங்க, வாங்க. ஏ, இது ஜெபாவா? எம்புட்டு மாறிட்டா!"

கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டீ வாங்கிவரச் சொன்னான். ஜெபா போனில் டிராகனைக் காட்டினாள். ரெண்டு எபிசோடை ஸ்டாண்டில் உட்கார்ந்தே பார்த்தான். தடியன் ராஜாவை ஏற்றிக்கொண்டு தூங்கிய இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"நல்ல வண்டி, சித்தப்பா மாதிரி ஆளுக்குன்னே செஞ்சது" என்றாள் ஜெபா. "சரி, சொல்லுங்க. அந்தம்மா தட்டும்போது என்ன நெனைக்கும்? ‘போ’ன்னுதானே?"

வேலு டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அது இல்ல தாயி. முன்னால இருக்கவரு ரோட்டப் பாக்காரு. பின்னால இருக்கவன் படியப் பாக்கான். ரெண்டு விசிலுன்னா ‘போ’ன்னு அர்த்தம் இல்ல. ‘படியில யாரும் இல்ல, எல்லா உசுரும் உள்ள இருக்கு’ன்னு அர்த்தம். போறதா வேண்டாமாங்கிறது அவரு பாடு."

ஜெபா சந்தோஷத்தில் நோட்டை எடுத்து வேக வேகமாக எழுதினாள். "பிரமாதம் சித்தப்பா. கடைசியா ஒண்ணு. தட்டாமலே முன்னால இருக்கவன் கெளம்பினா?"

"கெளம்ப மாட்டாரு. டிராகன் வேணா கெளம்பும், உங்கப்பா கெளம்ப மாட்டாரு. பத்தொம்பது வருசத்துல ஒருக்கா கூட என் விசில் இல்லாம அவரு வண்டிய எடுத்தது இல்ல."

அவன் குத்திக்காட்டவில்லை. அவன் முகத்தை எனக்குத் தெரியாதா? நிஜமாகவே சொன்னான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எடுத்தேன்லே வேலு" என்றேன். "அன்னைக்கு எடுத்தேன். நீ விசில் கொடுக்கல. பின்னால அந்த வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான். படி எந்திரிச்சிச்சு. நானா எடுத்துட்டேன்."

ஜெபாவின் பேனா நின்றது.

வேலு என்னையே பார்த்தான். முதலாளி முன்னால் பார்த்த அதே பார்வை. பிறகு மெல்லக் கேட்டான்.

"அப்ப நான் அடிக்கலையா அண்ணாச்சி?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை.

"என்னலே கேக்க? உனக்குத் தெரியாதா?"

"அடிக்கலன்னுதான் தோணுச்சு. முதலாளிகிட்டயும் அதத்தானே சொன்னேன். பொறவு நீங்க ரெண்டு விசில் கேட்டுச்சுன்னு சொன்னீக. நீங்க பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. விசிலு எப்பவும் வாயிலதான் கெடக்கும். கூடையத் தூக்கும்போது மூச்சு முட்டி ஊதியிருப்பேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நீ எனக்காக விட்டுக்கொடுத்தேன்னுல்லா இருந்தேன்."

"நான் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்? எனக்கும் பிள்ளைக இருந்துச்சு."

ஒருவர் பைக்கை எடுக்க வந்தார். வேலு டோக்கனை வாங்கிச் சரிபார்த்து, வண்டியைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"வருசா வருசம் மகாராஜபுரம் போறேன் அண்ணாச்சி. அந்தம்மா கம்ப ஊனித்தான் நடக்குது. போறப்பல்லாம், ‘நான்தாம்மா அவசரப்பட்டேன், மன்னிச்சிருங்க’ன்னு சொல்லுவேன். ‘விடுய்யா, எத்தன தடவ சொல்லுவ’ன்னு அது சொல்லும். வீட்டுக்கு வந்து சோறு எறங்காது. பதினோரு வருசம்."

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நடு ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். "மன்னிச்சிருலே" என்று அவன் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டான்.

"அத இப்பக் கேக்காதீக" என்றான். குரல் உயரவில்லை. "புத்தகத்துல போட்டிருந்தீகளே, நான் அவசரப்பட்டு விசில் கொடுத்தேன்னு. என் மருமகன் வாசிச்சுக் காட்டுனாரு. சம்பந்தி வீட்டுல எல்லாரும் வாசிச்சாக. அதே புத்தகத்துல இதையும் போடுங்க. என் பேரோட போடுங்க."

"போடுதேன்."

"மகாராஜபுரத்துக்கு நானே கொண்டுபோயி வாசிச்சுக் காட்டிக்கிடுதேன். நீங்க வர வேண்டாம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெபா எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. பெண்கள் சீட்டில் இடம் இருந்தது, அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "எப்ப எழுதப் போறீக?" என்று மட்டும் கேட்டாள். இந்த வாரத்துக்கென்று எழுதிவைத்திருந்த வேறு அத்தியாயத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு இதை எழுதினேன். அவள்தான் டைப் செய்தாள். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டூவீலர் ஸ்டாண்டு வைத்திருக்கும் வேலுச்சாமி அன்று சாயங்காலம் விசில் கொடுக்கவில்லை. சில வாரங்களுக்கு முன் நான் எழுதியது பொய்.

மகாராஜபுரத்தில் இதை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா, உங்கள் கால் படியில் இருக்கும்போது பஸ்ஸை எடுத்தவன் நான். இத்தனை வருஷமாக உங்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டவர், இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறவர், ஒரு தப்பும் செய்யவில்லை.